சின்னய்யாவுக்கு நான் பழக்கிய அடக்கம்

பிப்ரவரி 19, 1968
படப்பைப் பண்ணையில் இன்று மூன்றாவது தடவையும் தோல்வி. கிண்டியில் பதினோரு பந்தயம் ஜெயித்த என் சின்னய்யா, பெட்டைக் குதிரையைக் கண்டதும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். கயிற்றைப் பிடித்திருந்த எனக்குத்தான் முகம் எரிந்தது. கூட வேலை செய்கிற கேசவன் சும்மா இருப்பானா? "இன்னா எட்மண்ட் அண்ணா, பொண்ணு பாக்க வந்துட்டு உன் புள்ள தரையையே பாத்துகினு கீறான்?" எல்லாரும் சிரித்தார்கள். கேசவனை ஓர் அறை விட்டிருப்பேன்.

பிப்ரவரி 27
கொள்ளு, முட்டை, குதிரை டாக்டரின் ஊசி — ஒன்றும் பலிக்கவில்லை.

மார்ச் 8
முதலாளி வந்தார். மாதக் கடைசி வரை பார்ப்பாராம். அப்புறம் காயடித்து ஜட்கா வண்டிக்கு விற்றுவிடுவாராம். "கப் வாங்கினதெல்லாம் பழைய கதை எட்மண்ட். குட்டி கிடைக்கலேன்னா இவன் எனக்கு எதுக்கு?"
ஜட்காவுக்கா! என் சின்னய்யாவையா! தாம்பரம் வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. பியூலா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இருபது வருஷப் பெண்டாட்டி, தெரியாதா அவளுக்கு.

மார்ச் 14
டாக்டர் ராஜகோபாலன் கேட்டார்: "கிண்டியில இவன் பெட்டையைப் பார்த்துக் கனைச்சா என்ன பண்ணுவீங்க?"
பெருமையாகச் சொன்னேன். மூக்கில் ஒரு தட்டு, 'ஏய்' என்று ஓர் அதட்டல். பந்தயக் குதிரைக்குக் கவனம் சிதறக் கூடாதே. ஆறே மாதத்தில் கனைப்பதையே விட்டுவிட்டான். இவனைப் போல அடக்கமான குதிரை மெட்ராஸிலேயே இல்லை என்பார்கள்.
"இப்பவும் கயித்தைப் பிடிக்கிறது நீங்கதானே?" என்றார் டாக்டர்.
ஐயோ.

மார்ச் 15
பயத்தைப் பழக்கிவிட்டு அதற்கு அடக்கம் என்று பேர் வைத்தேனே, பாவி! நானே டாக்டரிடம் போய்ச் சொன்னேன்: கயிறு கேசவன் கையில் இருக்கட்டும். என் குரல், என் வாசனைகூட அந்தப் பக்கம் வேண்டாம். கடைசி லாயத்துக்கு, குட்டிகளைப் பார்த்துக்கொள்ள மாற்றிக்கொண்டேன். நாலு வருஷமாக அவனை ஒரு நாள் பிரிந்ததில்லை. என்ன செய்ய?

மார்ச் 26
காலையில் ஒரு கனைப்பு. அவன்தான்! எத்தனை வருஷமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. பாழாய்ப்போன வாயில் 'ஏய்' என்று வந்துவிட்டது. பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கேசவன் ஓடிவந்தான். "ஆச்சுண்ணா! ஆச்சு!" வைக்கோல் மேல் உட்கார்ந்து அழுதேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான், கிண்டல் பண்ணாமல்.

ஜூலை 2
சேர்க்கைக் காலம் முடிந்தது. ஏழு பெட்டைகள் சினை. ஜட்கா பேச்சை முதலாளி எடுப்பதே இல்லை.
இன்று அவனிடம் போனேன். லாய வாசலிலேயே நின்றேன். அவனே வந்து சட்டையை முகர்ந்து, தோளில் தலையைச் சாய்த்தான். மன்னிச்சுடுடா ராஜா என்றேன். எவ்வளவு நேரம் அப்படியே நின்றோமோ!

பிப்ரவரி 14, 1969
முதல் குட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் என்கிறார் டாக்டர். அதற்கு லாயம் கழுவி வைத்தாயிற்று.
நாளை மறுபடி சேர்க்கைக் காலம். சாயங்காலம் வெல்லம் கொடுத்து, போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். வேலியை ஒட்டிக் கூடவே நடந்து வந்தான். மூலையில் வேலி முடிந்தது, நின்றுவிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.
என் வாசனை அவன் பக்கம் போகாதபடி, ஜூலை வரைக்கும் ஏரிக்கரையைச் சுற்றித்தான் வேலைக்குப் போக வேண்டும்.