பெட்டிக்குப் பின்னால் நின்ற முகம்

என் அருமை மச்சான் ரபீக்குக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. கடிதமெல்லாம் எழுதுகிற ஆளில்லை நான் என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டரைக்கூட உன்னைப் பார்த்துத்தான் காப்பியடித்தேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறவில்லை. கேட்டு முடித்ததும் திட்டுவாய். திட்டிக்கொள்.

குமணன்சாவடியில் உன் மொபைல் கடை இருந்த இடத்தில் இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். பஸ் அந்த வழியாகப் போகும்போது நான் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

"போன் ஸ்லோவா கீது" என்று யார் வந்தாலும் நீ என்ன செய்வாய்? வேண்டாத செயலிகளையெல்லாம் தூக்கிவிட்டு, வேறொரு பிரவுசரைப் போட்டு, அதில் அந்தச் சின்ன எக்ஸ்டென்ஷனையும் ஏற்றித்தான் அனுப்புவாய். யாராவது வீடியோ லிங்க் அனுப்பினால், தொட்டதுமே 'செயலியை இன்ஸ்டால் செய்' என்று திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வருமே, அதை அந்த எக்ஸ்டென்ஷன் எடுத்துவிடும். செயலி இல்லாமலே பார்க்கலாம். "ஒரு நிமிசம் வீடியோ பாக்கறதுக்கு அவன் கையில ஊட்டு சாவிய குடுக்கணுமா மச்சான்?" என்பாய். "ஊரே குடுத்துட்டு நிம்மதியா கீது, உனக்கு இன்னாடா வந்துச்சு?" என்று நான் கிண்டலடிப்பேன். என் போனில் இல்லாத செயலி கிடையாது.

அந்தக் கொழுப்புதான் என்னை மாட்டிவிட்டது.

போன வாரம் நம்ம பிரகாஷ், திருவேற்காட்டில் அவன் மகளுக்குக் காது குத்தியபோது எடுத்த பழைய வீடியோவை அந்த வீடியோ தளத்தில், தன் பக்கத்தில் போட்டிருந்தான். பந்தியில் நீ சாம்பார் வாளியோடு நடந்து வருகிறாய். தொழிற்பேட்டையில் மிஷின் ஓடுகிற நேரம், சத்தம் வைக்காமல்தான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. பார்த்த கையோடு லிங்கை உன் அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் போனில் அந்தத் தளத்தின் செயலி இல்லை, நீதான் போட விடவில்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை.

கால் மணி நேரத்தில் அம்மா கூப்பிட்டார்.

"கொமாரு, ரபீக்கு மூஞ்சி மேல இன்னாவோ பொட்டி வந்து நின்னுகினு கீதுப்பா. தள்ளினா போ மாட்டேங்குது. புள்ள வாளிய தூக்கினு வரான், அதுக்குள்ள மூடிக்கிச்சு."

ஷிப்ட் முடிந்து நேராகப் பூந்தமல்லிக்கு, உன் வீட்டுக்குப் போனேன். என் போனில் காட்டுகிறேன் என்றேன். கேட்கவில்லை.

"உன் போன்ல பாத்தா நீ எடுத்துகினு பூடுவ. அப்பால நான் எதுல பாக்கறது? என் போன்லயே வரவை."

நியாயம்தானே? ஊரார் போனையெல்லாம் பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்தே இருந்தவனை யார் வீடியோ எடுத்தார்கள்? உன் போட்டோ இருக்கிறது, குரல் இருக்கிறது. நீ நடந்து வருவது இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

சரி, செயலியை இறக்கிவிடுவோம் என்று அழுத்தினேன். இடமில்லை என்றது. நீ அவருக்குக் கொடுத்த பழைய போன்தானே. எதையாவது அழிக்கலாம் என்று பார்த்தால், உள்ளே அடைத்துக்கொண்டிருப்பதெல்லாம் நீதான். கடையிலிருந்து நாள் தவறாமல் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். 'சாப்டியாம்மா', 'கதவ தாப்பா போட்டுக்க', 'பாலு வாங்காத, நான் வாங்கியாறேன்'. பழசில் கொஞ்சம் எடுத்துவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டே விரலை வைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஒன்னு கூட தொடாத. பாலு வாங்காதன்னு சொன்னது கூட இருக்கணும்."

வேறு எதை எடுப்பது? போனில் இரண்டு பிரவுசர் இருந்தது. ஒன்று போதுமே என்று மற்றதைத் தூக்கப் போனேன் மச்சான். தூக்குவதற்கு முன் என்ன தோன்றியதோ, திறந்து பார்த்தேன். மூலையில் அந்த எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. வருகிற லிங்க்கெல்லாம் இன்னொரு பிரவுசரில் திறந்துகொண்டிருக்க, நீ போட்டது யாரும் தொடாமல் கிடந்திருக்கிறது. எப்போது போட்டாய்? ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?

லிங்கைக் காப்பி செய்து அதில் போட்டேன். பெட்டி ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுக் காணாமல் போனது. சத்தத்தைக் கூட்டினேன்.

நீ வாளியோடு வருகிறாய். பிரகாஷ் போனை உன் முகத்துக்கு நேரே கொண்டுவருகிறான். நீ நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறாய்: "டேய், எடுத்துகினு போயி அதுல போடாதடா. எங்கம்மா பாக்கணும்னா ஆப் போடு ஆப் போடுன்னு உசுர வாங்குவான்."

அம்மா சிரித்தார். உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த பிறகும் அந்த வீட்டில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. "போடாமயே பாத்துட்டேன்டா" என்று போனிடம் சொன்னார். அப்புறம் அழுதார். நானும்தான்.

லிங்க்கெல்லாம் இனி உன் பிரவுசரிலேயே திறக்கும்படி மாற்றிவிட்டேன். ஆனால் அந்தத் தளத்துக்காரன் சும்மா இருப்பானா? பெட்டியை வேறு மாதிரி செய்து கொண்டுவருவான். எக்ஸ்டென்ஷன் படுத்துவிடும். அதை எழுதியவர்கள் சரிசெய்து தருவார்கள், நாம் அப்டேட் செய்ய வேண்டும். இதையெல்லாம் நீ சொன்னபோது கொட்டாவி விட்டவன், இப்போது உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் சேக்காட்டில் என் வீட்டிலிருந்து வருவேன் மச்சான். அம்மா கையால் டீ குடித்துவிட்டு, வீடியோவைத் திறந்து பார்ப்பேன். பெட்டி வந்திருந்தால் எடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். உனக்கும் அம்மாவுக்கும் நடுவில் எவனையும் நிற்க விடமாட்டேன், இது சத்தியம்.

அம்மா பால் வாங்குவதில்லை. போகும்போது நான் வாங்கிக்கொண்டு போகிறேன்.

என்றும் உன் மச்சான்,
உன் அம்மாவுக்குக் கொமாரு