காய்ச்சல் விட்ட பிறகும்

"தூரத்தை ஒரு தரம் வகையிட்டால் வேகம். இரண்டு தரம் வகையிட்டால் ஆர்முடுகல், வேகம் கூடுற வீதம். அரைத் தரம் வகையிட்டால் என்ன வரும், சொல்லும் பாப்பம்?"

இன்று காலை எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் நுளம்புக்குப் புகை அடித்தார்கள். யன்னல்களைச் சாத்தியும் அந்த எண்ணெய் மணம் உள்ளே வந்தது. அதனோடு, பல வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில், கணித ரீச்சரான நீர் கேட்ட இந்தக் கேள்வியும் வந்தது.

அன்று நான் சிரித்தேன். "அரைத் தரமோ? அரைப் பிள்ளைக்குப் பாடம் எடுக்கிற மாதிரியெல்லோ?"

"உம்மட வகுப்பில அப்பிடித்தானே. பாதிப் பிள்ளையள் நித்திரை" என்றீர். பிறகு உமது பாண் துண்டைப் பெருவிரலால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தீர். பள்ளம் மெல்ல மெல்ல எழுந்தது. "கையை எடுத்திட்டன். ஆனா பாண் இன்னும் மறக்கேல்லை. அந்த மறவாமையைக் கணக்கில சேர்க்கத்தான் இந்த அரை."

அவை யுத்த வருடங்கள். எங்கள் ஒழுங்கையில் டெங்குக் காய்ச்சல் பரவியிருந்தது. சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து, என் சாப்பாட்டு மேசையில், எங்கள் ஒழுங்கை நோயாளர் கணக்கெழுதிய தாள்களைப் பரப்புவீர். வழக்கமான சமன்பாடு இன்றைய நிலையை மட்டும் பார்த்து நாளையைச் சொல்லும். மழை நின்றதால் காய்ச்சலும் விரைவில் அடங்கும் என்றது அது. அடங்கவில்லை.

காரணம் லொட்ஜுகளில் இருந்தது. வெளிநாட்டு விசாவுக்காக வடக்கிலிருந்து வந்து காத்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். முன்னொரு சுற்றிவளைப்பில் பொலிஸால் பஸ்களில் ஏற்றி வடக்குக்கே திருப்பி அனுப்பப்பட்டவர்கள். சோதனைகள் குறைந்த பிறகும், அந்தப் பயத்தில், தண்ணீர்ப் பீப்பாய்களைப் பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகருக்கு அவர்கள் கதவு திறக்கவில்லை. நுளம்புகள் உள்ளேயே பெருகின. "இண்டைய நிலைமையை மட்டும் பாக்கிற கணக்கு இந்த ஒழுங்கைக்குச் சரிவராது" என்றீர். உமது அரைத் தரப் பின்னக் கணக்கில் கழிந்த நாட்கள் எல்லாம் இருந்தன. அண்மைய நாள் அழுத்தமாக, பழைய நாள் மங்கலாக. ஆனால் ஒன்றும் பூச்சியமாக இல்லை.

எதிர் லொட்ஜில் கிளிநொச்சிப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு, காய்ச்சலில் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். மனேஜர் வாசலிலேயே மறித்தார்.

"காய்ச்சல் விட்டிட்டுது ரீச்சர். கஞ்சியும் குடிச்சவ. இனி ஆரையும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ. பொலிஸ் பதிவு கிதிவு எண்டு வந்து நிப்பினம்."

திரும்பினோம். நான் தேநீருக்கு அடுப்பை மூட்டினேன். நீர் உட்காரவில்லை.

"பிழை விட்டிட்டம். டெங்குவில காய்ச்சல் விடேக்கதான் ஆபத்து தொடங்கிறது. இண்டைக்குச் சூடில்லை எண்டதோட வந்திட்டம். எத்தினை நாள் காய்ஞ்சது எண்டு கேட்டமா?"

மறுபடி போனோம். இம்முறை மனேஜரைத் தாண்டி அவளுடைய அறைக் கதவையே தட்டினீர்.

"ஆரது?"

"பொலிஸ் இல்லைப் பிள்ளை. கணக்கு ரீச்சர்."

"கணக்குக்கும் எனக்குப் பயம்தான் ரீச்சர்" என்று மெலிந்த குரல். தாழ்ப்பாள் விலகியது.

அவளுடைய கை சில்லிட்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தையை நான் வாங்கிக்கொள்ள, நீர் அவளை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனீர். காலி வீதிச் சோதனைச் சாவடியில் "லெடெக், மாத்தயா" என்று நீர் சிங்களத்தில் நோயாளி என்றதும், ஆமிக்காரப் பெடியன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடையாள அட்டை கேளாமலே கையசைத்தானாம். இன்னும் பிந்தியிருந்தால் கடினம் என்றார் டொக்டர். அவள் பிழைத்தாள்.

உமது சமன்பாட்டை எங்கேனும் அனுப்பச் சொன்னேன். "ஒரு ஒழுங்கைக்குப் பொருந்தினதை ஊருக்கெல்லாம் பொருந்தும் எண்டு சொல்லேலாது" என்று மறுத்தீர். பின்னர் நீரும் வெளிநாடு போய்விட்டீர். அந்தக் கணிதம் முழுவதும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை, இன்று நன்றாயிருக்கிறேன் என்ற பிள்ளையிடம் நேற்று எப்படி என்றும் கேட்டேன். அது உம்மிடமிருந்து வந்தது.

இதை வாசிப்பவர்களுக்கும் ஒரு சொல்: அடுத்த வீட்டில் காய்ச்சல் விட்டுவிட்டது என்றால், இன்னொரு தரம் போய்க் கதவைத் தட்டுங்கள்.