இருபத்திரண்டு விநாடி

பிப்ரவரி 10, 2025

மூத்திரக் குழாயை எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் தொடையில் பையைக் கட்டிக்கொண்டு கிடந்தாயிற்று.

எல்லாம் ஒரு பனைமரத்துண்டால் வந்தது. உப்பளத்து வாய்க்காலைத் தாண்ட நாங்கள் போட்டு வைத்ததுதான். அதில் வழுக்கி, இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் என்று நச்சென்று உட்கார்ந்தேன். கையிலிருந்த டிகிரிக் கண்ணாடியை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்திருந்தேனாம். இருபது வருடமாக அதை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்க்கிற கை, உயிர் போனாலும் விடாது போலிருக்கிறது. கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு ரத்தம் சொட்டியது, ஒன்றுக்குப் போக முடியவில்லை. என் வீட்டுக்காரி லூர்துமேரிதான் ஆட்டோ பிடித்து புதுச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் சிவசங்கரி சின்னப் பெண், ஆனால் கேள்வியெல்லாம் வக்கீல் கேள்வி. அனுப்பும்போது சொன்னது: "உள்ள தழும்பு விழுந்து வழி சுருங்கலாங்க. சன்னமா வந்தா, முக்க வேண்டியிருந்தா, எரிச்சல், ரத்தம், காய்ச்சல் எது வந்தாலும் உடனே வாங்க. அடியோட நின்னுட்டா அந்த மணிக்கே வரணும். ஒண்ணுமே இல்லன்னாலும் மார்ச் பத்து வந்துடுங்க."

காலையில் முதல் தடவை போகும்போது எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளவும் சொன்னார். குறிப்பதா? அதுதானே என் தொழில். இன்று 22.

பிப்ரவரி 11

22.

பிப்ரவரி 17

22. வேலைக்குப் போனேன். பெரிய பாத்தியில் தண்ணீர் 6 டிகிரி. உப்பு வாரும் பெண்களுக்குத் தலைவி கமலாம்பாள், பனைமரத்துண்டின் மேல் துணி போட்டு வைத்திருந்தாள், மகாராசா உட்கார. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 5

26. சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டது. நெற்றியில் சாம்பலோடு உப்பளம் போனேன். நாலு விநாடிதானே கூடியிருக்கிறது. நேற்று தண்ணீர் நிறையக் குடித்தேன், அதனால் இருக்கும்.

மார்ச் 10

31. இன்றுதான் போக வேண்டிய நாள். போகவில்லை. மூன்று பாத்தியில் 24 டிகிரி நிற்கிறது. 25 வந்தால் உப்பு விழும். இந்த நேரத்தில் டிகிரி பார்க்கிறவன் நகர முடியுமா?

டாக்டர் லீவு என்று லூர்துவிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 11

32. ஏன் பொய் சொன்னேன்? பாத்தியாவது ஒன்றாவது. பயம். போனால் திரும்பக் குழாய் சொருகுவார்கள். அதை நினைத்தாலே கால் கூசுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 27

44. இரண்டாகப் பிரிந்து வருகிறது, காலெல்லாம் தெறிக்கிறது. பொம்பளை மாதிரி உட்கார்ந்து போகிறேன்.

ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிக்காவிட்டால் போக வேண்டியதில்லை. உப்பளத்துப் பெண்கள் அதைத்தானே செய்கிறார்கள்? மறைவாகப் போக ஒரு இடம் கிடையாது, விடியலில் வந்தால் வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. அவர்களால் முடிகிறது, எனக்கு என்ன கேடு?

ஏன் குடிப்பதில்லை என்று லூர்து கேட்டாள். ஒருசந்தி விரதம் என்று சொல்லிவிட்டேன், ஆண்டவரின் பாடுகளை நினைத்துப் பகலில் தண்ணீரும் தொடுவதில்லை என்று.

மார்ச் 30

49. தவக்காலத்திலும் கறியை விடாத மனுசன் இந்த வருடம் தண்ணீரையே விட்டுவிட்டார் என்று லூர்து கோயிலில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். சாமியார் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். தூ.

ஏப்ரல் 9

63. முக்கி முக்கி வயிறு வலிக்கிறது. மஞ்சளாக, எரிந்துகொண்டு வருகிறது. உப்பளத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று தொலைப்பதிலேயே பாதி நாள் போகிறது.

கமலாம்பாள் கவனித்துவிட்டாள். இன்று சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு இப்டித்தான் ஆரம்பிச்சுது. தண்ணி குடிக்காம அடக்கி அடக்கி, குளிர்காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தேன். உனுக்கு அடி வேற பட்டுருக்குது. போய்க் காட்டு."

ஒரு பொம்பளை என்னிடம் இதைப் பேசுவதா? அவளையும் அவள் கூட்டத்தையும் கடைசிப் பாத்திக்குத் துரத்திவிட்டேன். அங்கே நிழலே கிடையாது. மத்தியானம் முழுக்க அவர்கள் வெயிலில் வாருவதை மோட்டார் ரூமிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது, ஆனாலும் திரும்பக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 20

ஈஸ்டர். 70. ஒருசந்தி முடிந்தது என்று லூர்து பெரிய சொம்பு நிறைய நன்னாரி சர்பத் கலக்கி, குடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். குடித்தேன். மறுக்க என்ன காரணம் சொல்ல? பிறகு ஒன்றரை மணி நேரம் கக்கூஸில். நல்லநாளும் அதுவுமாக வயிறு கெட்டுவிட்டது என்று சொன்னேன். எத்தனையாவது பொய் என்று எண்ணவில்லை.

ஏப்ரல் 24

இனி விநாடி எழுதப் போவதில்லை.

மே 5

நல்ல அக்கினி வெயில். எனக்குக் குளிர்கிறது. பல் அடித்துக்கொள்கிறது. மோட்டார் ரூமில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலாம் பாத்தி முப்பதைத் தாண்டியதை நான் பார்க்கவில்லை. தாண்டினால் தண்ணீர் கசந்துவிடும், அன்றைக்கே திறந்துவிட வேண்டும். திறக்கவில்லை. பாத்தி முழுக்கக் கசப்பு உப்பு. இருபது வருடத்தில் முதல் தடவை. முதலாளி திட்டவில்லை, உடம்பு சரியில்லையா என்றார். கொஞ்சம் ஜுரம் என்றேன்.

காய்ச்சல் வந்தா உடனே வாங்க — சொன்னாங்கதான். தெரியும். தெரியும்டா, வாயை மூடு.

மே 6

மணி பதினொன்று. விடிந்ததிலிருந்து ஒரு சொட்டு இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். அடிவயிறு கல்லு மாதிரி இருக்குது. கை வெச்சா உயிர் போவுது.

சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு... என்னத்த பாக்கப் போறே? அந்த மணிக்கேன்னு சொன்னாங்களே, அது எந்த மணி? தாண்டிப் போச்சா? ஆண்டவரே —

லூர்து கதவத் தட்டுறா.

மே 9

புதுச்சேரி ஆஸ்பத்திரி. கீழ்வழியாகக் குழாய் போகவில்லை. அடிவயிற்றில் துளை போட்டு விட்டிருக்கிறார்கள். எதற்கு இத்தனை நாள் பயந்தேனோ அது இப்போது வயிற்றிலேயே தொங்குகிறது.

துணிமணியோடு இந்த நோட்டையும் லூர்து பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். முதலில் அவள் படித்தாள். பிறகு டாக்டரிடம் கொடுத்தாள். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, எண்களை மட்டும் வாய்க்குள் படித்தார். 22, 26, 31, 32, 44, 49, 63, 70.

"இத எழுதினது யாருங்க?"

நான்தான் என்றேன்.

"டிகிரி பாக்குற வேலைன்னு சொன்னீங்க இல்ல?"

அவ்வளவுதான் கேட்டார். இடது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது, அந்தச் சிறுநீரகம் இனி முழுசாக வேலை செய்யுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

அவர் போனபிறகு லூர்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "டாக்டர் லீவுன்னதக்கூட விட்டுடுறேன். ஆண்டவர் பேரச் சொல்லியா என்னை ஏமாத்துனீங்க? ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேனே."

அழுதேன். அவள் அழவில்லை.

மே 10

கமலாம்பாள் பார்க்க வந்தாள். உடம்பு எப்படி என்று மட்டும் கேட்டாள். கடைசிப் பாத்தியைப் பற்றி நானாக எடுத்தேன். தப்பு என்றேன். "வெயில்ல வாரத்தானே வர்றோம்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த இளநீரை லூர்துவிடம் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 28

இந்த மாதத் தொடக்கத்தில் தழும்பை வெட்டியெடுத்து, வழியைச் சேர்த்துத் தைத்தார்கள். இன்று எல்லாக் குழாயும் எடுத்தாயிற்று. 19. நர்ஸ் வெளியே காத்திருக்க, உள்ளே நின்று சிரித்தேன்.

இடது சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறதாம். அது அப்படியேதான். தழும்பு திரும்பவும் வரலாம் என்றும் டாக்டர் சொன்னார்.

ஆகஸ்ட் 30

விநாடியை இனி இந்த நோட்டில் எழுதக் கூடாதாம். அடுப்பங்கரைக் காலண்டரில், அவள் கண்ணெதிரே எழுத வேண்டுமாம். லூர்துவின் உத்தரவு. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்.

ஜனவரி 12, 2026

மழைக்காலம் முடிந்து உப்பளம் திறந்தாயிற்று. மோட்டார் ரூமுக்குப் பின்னால் நாலு தகரம் நிறுத்தி, பெண்கள் ஒதுங்க நானே ஒரு மறைப்பு கட்டினேன். கதவு பெண்கள் பக்கம். எதற்கென்று முதலாளி கேட்டார், காற்றைத் தடுக்க என்றேன். கடைசியாக ஒரு பொய்.

ஜனவரி 20

காலண்டரில் போன வாரம் முழுக்க 20. ஞாயிறு 22. நேற்று 24.

இன்று 28.

எழுதிவிட்டு நின்றேன். லூர்து காலண்டரைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, நேற்று தண்ணீர் நிறையக் குடித்தேன். இதெல்லாம் வாய்வரை வந்தது. உள்ளே போய்ச் சட்டையை மாட்டினேன்.

வழியில் உப்பளத்தில் இறங்கி டிகிரிக் கண்ணாடியைக் கமலாம்பாளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் நீதான் பார்க்க வேண்டும் என்றேன். எங்கே கிளம்பிவிட்டாய் என்றாள். டாக்டரிடம் என்றேன், எல்லாப் பெண்களும் கேட்கும்படி. யாரும் சிரிக்கவில்லை.

இதைப் புதுச்சேரி பஸ்ஸில் எழுதுகிறேன். பொம்மையார்பாளையம் தாண்டிவிட்டது, எழுத்து கோணுகிறது. லூர்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிறாள். மடியில் காலண்டரைச் சுருட்டி வைத்திருக்கிறாள், ஆணியோடு பிடுங்கி வந்திருக்கிறாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன்.