பால்சா மரத்தில் ஓர் ஊன்றுகோல்

அன்புள்ள அம்மாவுக்கு நெல்சியின் வணக்கம். நான் நலம். மரம் விழுந்து கால் நசுங்கிய அப்பா தேறுகிறார் என்று மட்டும் எழுதுகிறீர்கள். கால் எப்படி என்று எழுதுவதில்லை.

நான் வேலை செய்யும் அலைச்சறுக்குப் பலகைப் பட்டறையில் மிஞ்சிய, தக்கைபோல் லேசான பால்சா மரத்தில் அவருக்கு ஊன்றுகோல் செய்தேன். நான் ஊன்றிப் பார்த்ததும் முறிந்தது. முழங்கையில் லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"மிதக்குற கட்டையில நடக்கப் பாக்குறியா தாயி?" என்று கூட வேலை செய்யும் எலிசியோ அண்ணன் சிரித்தார்.

பலகைகளுக்கு நடுவில் வலுவுக்காக வைப்பதுபோல் இதற்குள்ளும் கெட்டியான மரச்சட்டம் வைத்து ஒட்டினேன். அவரே ஊன்றிப் பார்த்து, "இப்ப எங்க மாமியாரயே தாங்கும்," என்றார்.

அப்பா தூங்கும்போது அக்குள் முதல் குதிகால் வரை கயிற்றால் அளந்து, ஒரு முடிச்சுப் போட்டு, இங்கே வரும் மொந்தானிதா பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். கூடவே உங்கள் பழைய சட்டை ஒன்று. என் தலையணைக்கு உறையில்லை.

பசை இறுகுகிறது, போக வேண்டும். ஒரு கோல் போதாதென்றால், மறைக்காமல் இரண்டு முடிச்சாகப் போடுங்கள்.