கம்பிப் பெட்டியின் சாவி

டிசம்பர் 3, 1979, திங்கள்

விடியலிலிருந்து மழை. பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், நின்று நனைந்ததுதான் மிச்சம். இன்று பால் வெட்டு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இந்த மழைக்கு வேறு வேலையே இல்லையா.

நேற்று சுங்கைப் பட்டாணி கோயில் சந்தையில் வாங்கிய அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். மேலே படம்: ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை மடியில் கம்பி வாத்தியம் வைத்து மீட்டுகிறது. உள்ளே எல்லாம் தனித்தனி. நாமே சேர்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மெல்லிய பலகை, மேலுக்கும் அடிக்கும்
சட்டங்கள்
கம்பிச் சுருள்
கம்பியை முறுக்கும் முளைகள், அவற்றைத் திருக ஒரு பித்தளைச் சாவி
பசை. கல்லாகிவிட்டது
இங்கிலீஷ் காகிதம். பாதி புரிகிறது

லூர்து எட்டிப் பார்த்து, "என்னாங்க இது, கோழிக்கூண்டா?" ஜெசிக்கு என்றேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஜெசி லூர்துவின் மகள். பன்னிரண்டு வயது. அவள் சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். நான் லூர்துவைக் கட்டி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்றுவரை பிள்ளை என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. "அம்மா கூப்பிடுறாங்க." "சோறு ரெடி." அவ்வளவுதான். மரியாதை குறைவு இல்லை, ஒட்டுதல்தான் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. ஜனவரியில் அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் பெரியம்மா வீட்டிலிருந்து ரிமூவ் வகுப்புக்கு, இடைநிலைப் பள்ளிக்கு முந்தின வருஷத்துக்கு, போகப்போகிறாள். போய்விட்டால் எனக்கும் அவளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அதற்குள் இதைச் செய்து கையில் கொடுக்க வேண்டும்.

டிச. 5, புதன்

வெயில். வரும்போது ஒரு மங்கு ரப்பர் பால் எடுத்து வந்தேன், பசைக்கு. கிழிந்த சப்பாத்து, ஓட்டை டியூப், ஜெ. புத்தகப் பை, எல்லாம் ஒட்டியது அதுதானே. இதற்கென்று காசு கொடுத்துப் பசை வாங்குவானேன்.

சட்டங்களைச் சேர்த்தாயிற்று. ஜெ. கதவோரம் நின்று பார்த்தாள். பிடிக்கிறாயா என்றேன். "பாத்திரம் கழுவணும்." கழுவ ஒரு பாத்திரமும் இல்லை.

டிச. 8, சனி

கம்பி மாட்டி முறுக்கினேன். முதல் கம்பி ணங் என்றது. நம்மைப் போல ஆள் உண்டா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குளிக்கப் போனேன். வந்து தொட்டால் தொப் என்கிறது. மறுபடி முறுக்கினேன். மறுபடி தொய்வு. கம்பியைத் திட்டினேன், காகிதம் எழுதியவனைத் திட்டினேன்.

லூ.: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

டிச. 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்த்தால் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. மூட்டெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கித்தா நூல், உறைந்த ரப்பர். கம்பி இழுக்க இழுக்கப் பசையும் கூடவே நீண்டிருக்கிறது. இத்தனை வருஷம் பால்மரம் வெட்டுகிறவனுக்கு, கித்தா இழுத்தால் வரும் என்று தெரியவில்லை!

ஜெ. பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அடக்க முடியாத சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

டிச. 10, திங்கள்

வேலை முடிந்து திகாம் பத்து கடைத்தெருவுக்குப் போனேன். இரும்புக்கடைச் சீன முதலாளி, தவுக்கேயிடம் நடந்ததைச் சொன்னேன். "கித்தாவா? ஐயோ, அது பந்துக்கு நல்லதுலா, பெட்டிக்கு வேணாம்லா!" கடைக்கு வந்த ஆளுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தான். மரப் பசை வாங்கி வந்தேன்.

சாயங்காலம் பழைய கித்தாவை உரித்தோம். ஆமாம், உரித்தோம். ஜெ. கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தாள். என் நகத்தை விட அவள் நகம் கெட்டி. உரித்ததை எல்லாம் உருட்டி உருட்டிப் பந்தாக்கி, சுவரில் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். படிக்கச் சொல்லவில்லை நான். லூ.வும் சொல்லவில்லை.

டிச. 12, புதன்

மரப் பசை போட்டு, மூட்டு நகராமல் சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கினேன்.

லூ.: "சைக்கிள் எப்படிப் போவும்?"

போகாது. காலையில் வேலைக்கு நடை.

டிச. 16, ஞாயிறு

பூசைக்குப் பிறகு உபதேசியார் சாப்பலில் ஆர்மோனியத்தைத் தொட விட்டார். ஜெ. ஒரு கட்டையை அமுக்குவாள், நான் சாவியைத் திருகுவேன்.

"இன்னும். இன்னும். ஆ, போச்சு, எறக்குங்க."

என் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். பிள்ளைக்கு மயிரிழை வித்தியாசம் தெரிகிறது. மத்தியானம் வரைக்கும் என்னை வேலை வாங்கினாள். சோறு மறந்துபோயிற்று. என்ன சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

பெட்டி நிற்கிறது. கம்பியும் நிற்கிறது.

டிச. 20, வியாழன்

மழை. ஈரத்துக்குக் கம்பி இறங்கிவிட்டது. இது இப்படித்தான் அடிக்கடி இறங்கும் என்று காகிதத்திலும் போட்டிருக்கிறது. ஜெ.க்குத் திருகக் கற்றுக்கொடுக்கலாம் என்று சாவியை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே திருவுங்க."

"மெர்கோங்ல யாரும்மா திருவுவாங்க?"

பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நாள் விளையாட்டு, அவ்வளவுதான் போலிருக்கிறது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பெட்டியில் அவளுக்கு ஆசை இல்லாவிட்டால் நான் என்ன செய்ய?

உப்பு, புளி, மண்ணெண்ணெய். லூ. சொன்னது.

டிச. 25, செவ்வாய்

சாப்பலில் குடிலுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டு வாசித்தாள். ஒரு இடத்தில் தடுமாறி மறுபடி பிடித்தாள்.

உபதேசியார்: "யாரு செஞ்சு குடுத்தது, பிள்ளை?"

என் பக்கம் தாடையை நீட்டினாள். வாயால் சொல்லியிருந்தால் என்ன முறை சொல்லியிருப்பாள்? அதையே யோசித்துக்கொண்டு லூ. வைத்த கோழிக்கறியை நிறையத் தின்றுவிட்டேன். வயிறு சரியில்லை.

ஜன. 5, சனி

மெர்கோங் போய் விட்டுவிட்டு வந்தோம். பஸ்ஸில் ஜெ. சாரோங்கில் சுற்றிய பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. பெரியம்மா நல்ல மனுஷி, வாசலிலேயே பிள்ளையைக் கட்டிக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது ஜெ. "பார்த்துப் போங்க" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. லூ. அழுதாள். நான் ஆம்பிளை, சைக்கிளைத் துடைத்தேன்.

ஜன. 6, ஞாயிறு

சாயங்காலம் நாளை வேலைக்கு பால் வெட்டும் உளியைத் தீட்டலாம் என்று வேலைப் பையை எடுத்தேன். உள்ளே அந்தக் கித்தாப் பந்து. பந்துக்குள் அழுத்திச் செருகிய பித்தளைச் சாவி.

பதறிவிட்டேன். பிள்ளை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டது, கம்பி இறங்கினால் என்ன செய்யும், தபாலில் அனுப்பலாமா என்று கத்தினேன். லூ. அடுப்பை விட்டுத் திரும்பக்கூட இல்லை.

"மறக்கலைங்க. கெளம்பறதுக்கு முன்ன அவளேதான் வச்சா. உங்கக்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலைமேல சத்தியம் வேற."

"ஏன்?"

"சாவி இங்க இருந்தா, கம்பி எறங்கறப்பல்லாம் அப்பா வந்துதானே ஆவணும்னா."

அவள் சொன்ன வார்த்தையா, நீ சேர்த்ததா என்று கேட்டேன். அவள் சொன்னதுதானாம்.

அலோர் ஸ்டார் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க வேண்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மெர்கோங்கிலும் பெய்யட்டும்.