பிஸ்கட் எதுல செய்வாங்க?

விருத்தாசலம்
14.8.2024

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

நலமா என்று கேட்டு, நலம் என்று சொல்கிற அந்த இரண்டு வரியையும் நீயே போட்டுக்கொள். நேற்றிலிருந்து சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது, அதை முதலில் எழுதிவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் எங்கள் ஆபீஸ் கொடுத்த போனில் பிள்ளைகளின் எடை, உயரம், போட்டோ எல்லாம் ஏற்றி ஏற்றி, அதைக் கையில் எடுத்தாலே எரிச்சலாக வருகிறது. ஹாஸ்டல் லீவில் எழுதிக்கொண்ட மாதிரி பேனாதான் நமக்குச் சரி.

உங்கள் ஆபீஸிலிருந்து நேற்று என் பால்வாடிக்குக் கேள்வி கேட்க ஓர் அம்மா வந்தார்கள். சேத்தியாத்தோப்புப் பக்கம், நல்ல மாதிரி. தாலுக்காவில் குலுக்கல் போட்டுப் பாதி பால்வாடிக்கு ஒரு கதை டீச்சர் கொடுத்தீர்களே, எங்களுக்கு வாசுகி வந்தாள். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் கதை, பாட்டு, விளையாட்டு. அதனால் பிள்ளைகளுக்கு ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கேள்விகளாம்.

கயல்விழிக்கு நாலு வயது. அப்பா அம்மா இரண்டு பேருக்குமே இங்கே செராமிக் கம்பெனியில் வேலை. அந்த அம்மா கேட்டார்கள்:

"பிஸ்கட் எதுல செய்வாங்க, பாப்பா?"

"மண்ணுல."

"எதுல?"

"மண்ணுல. அச்சுல ஊத்தி, காய வெச்சி, சூளையில வேக வெப்பாங்க."

"தண்ணியில போட்டா என்னா ஆவும்?"

"தண்ணிய குடிச்சிடும்."

"உனக்கு பிஸ்கட் புடிக்குமா?"

"புடிக்கும். ஆனா கடிச்சா பல்லு ஒடஞ்சிடும். எங்கப்பா கிளேசு போட்டாத்தான் அது கப்பு ஆவும்."

அந்த அம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! ஒரு தடவை சுட்டு, கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு போடாத பீங்கானுக்கு இங்கே பிஸ்கட் என்றுதானே பேர். கடையில் வாங்கித் தின்பதை எங்கள் தெருப் பிள்ளைகள் ரொட்டி என்கிறதுகள். கயல்விழிக்குப் பின்னால் வந்த அத்தனையும் அதே பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விட்டன. பிஸ்கட்டை வைத்தே ஐந்து கேள்வி. ஐந்துக்கும் முட்டை.

சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. இந்த மார்க்கைப் பார்த்துத்தானே அடுத்த ஜூனுக்கு மேல் கதை டீச்சர் உண்டா இல்லையா என்று முடிவு செய்வீர்கள்? வாசுகி வருவதற்கு முன் ஒரு கையில் எடை மெஷின், ஒரு கையில் சத்துமாவு என்று நான் ஒண்டியாக ஓடிக்கொண்டிருந்தேன். "உக்காரு", "பேசாத" என்ற இரண்டு வார்த்தைதான் பிள்ளைகள் என் வாயிலிருந்து கேட்டதுகள். திரும்ப அப்படி ஆகிவிடுவேனோ என்று நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது.

தாள்களைக் கூட்டிப் பார்ப்பது நீதானே. எங்கள் பிள்ளைகள் தாள் வந்தால் கொஞ்சம் பார்த்துப் போடுடி.

உன்,
அனுசியா


சென்னை
22.8.2024

அன்புள்ள அனு,

நீ சிரித்த இடம் வரைக்கும் நானும் சிரித்தேன். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்தப் பிஸ்கட் கேள்வியை எழுதியது நான்தான்.

எங்கள் அப்பா செராமிக்கில் வேலை செய்த ஆள். பிஸ்கட் கப்பில் மண்ணைக் கொட்டிச் சோறு ஆக்கி விளையாடியவள் நான். சென்னைக்கு வந்தபின் டீயில் நனைக்கிற பிஸ்கட்தான் பிஸ்கட் என்று ஆகிவிட்டது பார். வேறு ஊர்க்காரர் யாராவது இதை எழுதியிருந்தால் நானே கிண்டல் செய்திருப்பேன்.

இனி எழுதப்போவதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். உன் கடிதத்தை எங்கள் மேலதிகாரி அரங்கநாதன் சாரிடம் கொடுத்துவிட்டேன். பிஸ்கட் விஷயத்தோடு நிறுத்தி, 'பார்த்துப் போடு' என்றதை மறைத்துவிடலாமா என்று ஒரு பொழுது முழுக்க யோசித்தேன். மனசு கேட்கவில்லை. முழுசாகவே கொடுத்தேன்.

சார் சத்தம் போடவில்லை. கதை டீச்சர் உள்ள சென்டர், இல்லாத சென்டர் என்று பார்க்காமல் தாலுக்கா முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஐந்து கேள்வியை எடுத்துவிடச் சொன்னார். என்னை உங்கள் தாலுக்கா வேலையிலிருந்து மாற்றிவிட்டார். அப்புறம், உன் பால்வாடியை மட்டும் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டார். டீச்சரும் மார்க் கூட்டுகிறவளும் சிநேகிதிகள், அதில் ஒருத்தி மார்க் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறாள் என்றால் அந்தத் தாளை வெளி ஆள் யாரும் நம்பமாட்டார்கள், இல்லையா?

வாசுகிக்கு இதனால் தனியாக ஒன்றும் வந்துவிடாது. மற்ற சென்டர்களுக்கு என்ன முடிவோ அதுதான் உனக்கும். நீ திட்டினாலும் பரவாயில்லை, பதில் போடு.

பூர்ணிமா


விருத்தாசலம்
2.9.2024

பூர்ணிமா,

நான் உனக்குத்தான் எழுதினேன். உன் ஆபீஸுக்கு எழுதவில்லை.

என் பிள்ளைகள் அன்றைக்குக் குளித்து, தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்து பதில் சொன்னதுகள். வாசுகி அவ்வளவு சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதெல்லாம் நடக்கவே இல்லை என்று ஒரே கோடாக அடித்துவிட்டீர்கள். தப்பாகக் கேட்டது நீ. அதை எடுத்துச் சொன்னது நான். கணக்கை விட்டுப் போனது பிள்ளைகள். நல்ல நியாயம்!

பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டுப் பக்கம் வராதே.

அனுசியா


சென்னை
10.3.2025

அன்புள்ள அனு,

நீ பதில் போடமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்திருந்தேன். உன் தெரு முனை வரைக்கும் வந்தேன். நீ வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாய். வராதே என்றாயே, அப்படியே திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

முடிவு இன்றைக்குத்தான் வந்தது. வாசுகி மாதிரி டீச்சர் இருந்த இடங்களில் எழுத்து, எண் இரண்டிலும் பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் இருக்கிறார்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. எடை, உயரத்தில் ஒன்றுமே மாறவில்லை. மார்க்கை மட்டும் வைத்துப் பார்த்தால் தொடரவும் செய்யலாம், நிறுத்தவும் செய்யலாம் என்கிற மாதிரிதான் இருந்தது.

ஆனால் பிள்ளை சொன்னதை அப்படியே எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எடுத்துப் போட்ட பிஸ்கட் பதில்களை சார் ஒருநாள் சும்மா படித்துப் பார்த்திருக்கிறார். கதை டீச்சர் இல்லாத சென்டர்களில் "மண்ணு" என்று சொல்லிவிட்டு நிறைய பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டன. டீச்சர் இருந்த சென்டர்களில் உன் கயல்விழி மாதிரி மூச்சு விடாமல் சூளை வரைக்கும் பேசியிருக்கிறதுகள். ஒன்று, கேட்டவரையே "உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறது.

உடனே இதையும் சேர்த்துக்கொள்ளலாமே என்றேன். கூடாது என்றுவிட்டார். "ஓட்டம் முடிஞ்ச அப்புறம் எல்லைக் கோட்ட மாத்திப் போடலாமா, பூர்ணிமா?" என்று கேட்டார். எதை அளப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, அடுத்த வருஷம் பேச்சையும் அளக்க வேண்டும், அதுவரை கதை டீச்சர்களை நிறுத்தக் கூடாது என்று அறிக்கையில் எழுதினார். மேலிடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷத்துக்கு வாசுகி உன்னோடுதான்.

உன் பால்வாடி அடுத்த வருஷமும் கணக்கில் வராது. நான் இந்த ஆபீஸில் இருக்கிற வரைக்கும் வராது. அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அனு. எனக்கும் வருத்தம்தான்.

பூர்ணிமா


விருத்தாசலம்
21.3.2025

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

தெரு முனை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனாயா? உனக்கு அறிவு இருக்கிறதா? வராதே என்று எழுதினால் வந்து சண்டை போட வேண்டும், அதுதானே முறை. செப்டம்பரில் வந்த கோபமெல்லாம் தீபாவளிக்குள் தீர்ந்துவிட்டது. நானாக எப்படி முதலில் எழுதுவது என்று வீம்புக்குத்தான் இருந்தேன். இப்போது நீ திரும்பிப் போனதற்காகத்தான் நிஜமாகவே கோபம்.

உன் கடிதத்தை வாசுகியிடம் காட்டினேன். அழுதுவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடை ஏன் ஏறலன்னு கேட்டாங்களாக்கா? கதை சொன்னா சத சேருமா?" என்றாள். இதையும் உன் சாரிடம் சொல்.

பார்த்துப் போடு என்று நான் எழுதியது தப்புதான். வாசுகி போய்விடுவாளோ என்ற பயத்தில் எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. பிள்ளைகள் கணக்கில் இல்லையே என்று இரண்டு நாள் ஒரு மாதிரியாக இருந்தது. இன்று காலையில் கயல்விழி மழைப் பாட்டுக்குத் தானே ஒரு வரி சேர்த்துப் பாடினாள், சூளைக்காரர்கள் மழையைத் திட்டுகிற மாதிரி. வாசுகி அதையும் சேர்த்தே எல்லோரையும் பாட வைத்துவிட்டாள். கேட்டுக்கொண்டே மாவு கிண்டினேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

பிஸ்கட் கேள்வியை எடுத்துவிட்டார்கள் என்று கயல்விழியிடம் சொன்னேன். "அப்ப அந்த அம்மாவுக்கு யாரு சொல்லித் தருவாங்க? பாவம்" என்றாள்.

இந்தப் பார்சலில் இரண்டு பொட்டலம் இருக்கிறது. பெரியது ரொட்டி, நம் கடைத்தெருவில் வாங்கினது. சின்னது பிஸ்கட், கயல்விழியின் அப்பா கொடுத்த கப்பு. ஈர மண்ணாக இருக்கும்போதே அதில் அவள் உன் முகத்தைக் கீறி வரைந்திருக்கிறாள். உன்னைப் பார்த்ததில்லை, அதனால் மூக்கு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து ரொட்டியை நனைத்துத் தின்னு. கப்பில் மட்டும் ஊற்றிவிடாதே, குடித்துவிடும். அதற்கு இங்கே வந்துதான் கிளேஸ் போட வேண்டும்.

சித்திரை லீவுக்கு அதை எடுத்துக்கொண்டு வா. தெரு முனையில் நிற்காமல் நேராக உள்ளே வா.

உன்,
அனு