நாலு விரல்

மார்ச் 4, 2022

"லிஃப்ட்டை மாற்றுங்கள், கட்டிலைக் குறுக்காதீர்கள்" என்று இன்று நான் சொல்லவில்லை. தொண்டை வரை வந்தது. ஆஸ்பத்திரி லிஃப்ட்டை அளந்து வந்த எங்கள் கம்பெனி மேனேஜர் டேப்பை மேசைமேல் போட்டார். "நாலு விரல் இடிக்குதும்மா. செதுக்கிடு."

தலையாட்டினேன். ஒரு வருடமாக வரைந்த கட்டில். நோயாளி யாரையும் கூப்பிடாமல் தானாகவே புரண்டு படுக்கட்டும் என்றுதான் அந்த நாலு விரலே.

மார்ச் 5

நம்பாமல் நானே போய் அளந்தேன். அதே நாலு விரல். பெரிய நர்ஸம்மா சிரித்தார். "அந்தக் காலத்துல அழுக்குத் துணிக்கூடை ஏத்த விட்ட குழிம்மா இது. அதுக்குள்ளயே லிஃப்ட்டைச் சொருகிட்டாங்க. கூடைக்குத் தைச்ச சட்டையை நாம போட்டுக்கிட்டு அலையறோம்."

அந்தக் கூடையை முடைந்தவர் யாரோ. இத்தனை பேர் படுக்கைக்கும் தான்தான் அளவெடுத்தோம் என்று அவருக்குத் தெரியவே போவதில்லை.

மார்ச் 6, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். "கட்டில் என்னடி ஆச்சு?"

"முடியப் போகுதுக்கா."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"சளிக்கா."

வைத்த பிறகு அறை இன்னும் பெரிதாகிவிட்டது. இன்று நான் பேசியது இவ்வளவுதான்.

மார்ச் 9

குறுக்கிவிட்டேன். படம் அழகாகத்தான் இருக்கிறது — அதுதான் எரிச்சல்.

நவம்பர் 20, 2023

ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் வருகிறதாம்! இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. வெறும் மண். கூடையும் இல்லை, குழியும் இல்லை. லிஃப்ட்டைப் பெரிதாக வையுங்கள் என்று இந்த முறை சொல்லிவிடுவேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். பைத்தியம்.

நவம்பர் 24

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். கட்டட இன்ஜினியர் கோபப்படக்கூட இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார். "எல்லா வார்டுலயும் இருக்கற கட்டில் இந்தப் பிளான்ல இருக்கற லிஃப்ட் கதவுல தாராளமாப் போகுமேம்மா. அப்புறம் எதுக்குப் பெருசு?"

அந்தக் கட்டிலை வரைந்தது யார் என்று அவருக்குத் தெரியாது. நான்தான் சார்... நானேதான். வாயே வரல. இப்ப அந்தத் துணிக்கூடை நான்தானா?

அக்காவுக்குப் போன் போட எடுத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? வைத்துவிட்டேன்.

ஜூலை 2, 2025

புதுக் கட்டடம் திறந்தார்கள். லிஃப்ட் கதவு பழைய அளவுதான். என் கட்டில் எங்கும் இடிக்காமல் உள்ளே போனது.